கடைசி நட்டு

நாலு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் எக்ஸ்ட்ராக்டர்
அலோர் ஸ்டாரிலிருந்து லாரியில் வந்து பீடோங்கில் இறங்கியது.
முந்நூற்று எண்பது வெள்ளி.
மாமியாரிடம் நூற்றைம்பது என்றோம்.

மணல்தாளால் தேய்த்தேன், தின்னரில் துடைத்தேன்.
விரல் பட்டால் எண்ணெய், எண்ணெய் பட்டால் உரியும் என்று
பூபாலன் டின்னின் முதுகை
மந்திரம்போல் வாசித்துக்கொண்டிருந்தான்.
மூன்று பூச்சு.
துணிக்கொடியில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன்,
பள்ளிச் சட்டைகளுக்குப் பக்கத்தில்.
ஒரு சட்டையின் கையில் அந்தக் கறுப்பு இன்னும் போகவில்லை.

சூட்டில் வேகவைத்தால்தான் பூச்சு பிடிக்கும்.
பேக்கரி தவுக்கேயிடம் அடுப்பைக் கேட்டோம்.
"நாளைக்கு என் ரொட்டியை நீயே தின்பியா?"
சரி, டட்சனே வேகவைக்கட்டும்.

மற்ற நட்டுகளை அவன் போட்டான்.
கடைசி ஒன்று மட்டும்
குழாயின் வளைவுக்குப் பின்னால், ஸ்பேனர் திரும்பாத சந்தில்.
செம்பனைக் குலை தூக்கித் தடித்த கை அது, நுழையவில்லை.
நகரு, என்றேன்.
கண்ணை மூடி, மணிக்கட்டுவரை விட்டு,
கால் சுற்று. எடு. கால் சுற்று.
வளையலைக் கழற்ற மறந்திருந்தேன்:
கறுப்பில் ஒரு வெள்ளிக் கோடு.
அவன் பார்க்கவில்லை.

சாவி திருப்பியதும் பானெட்டுக்கடியில் குபுகுபுவென்று புகை.
பக்கத்து வீட்டு மாக் சூ
"ஆப்பி! ஆப்பி!" என்று வாளித் தண்ணீரோடு ஓடிவர
நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்,
பாதித் தண்ணீர் என்மேல்.

பத்து நிமிடம் ஓடவிடு. ஆறவிடு. மறுபடி.
மூன்றாம் முறை புகையில்லை.
ஆலைச் சங்கு ஊதியதாம், எங்களுக்குக் கேட்கவில்லை.

துரு எங்கிருந்து தொடங்கும் என்று
எனக்கு மட்டும் தெரியும்.