பதினாறு டிகிரி

சயானிலிருந்து பைகுல்லா வரை
நின்றேதான் வந்தோம். கரிரோட்டில்
ஒரு பலாப்பழம் எங்களுக்கு நடுவே ஏறி
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனது.

மே மாத ஞாயிறு.
புலி தூங்கியது.
நீர்யானை இரண்டு காதுகளாக மட்டும் இருந்தது,
அதற்கே நூறு போன்கள் உயர்ந்தன.
கரடிக்கு ஐஸ் கட்டிக்குள் உறைந்த தர்பூசணி.
"கொடுத்து வெச்ச கரடி" என்றாள் செல்வகனி,
முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி.

பென்குயின் கூடத்துக்குள் நுழைந்ததும்
எல்லோரும் "ஆ" என்றார்கள்.
பறவைகள் இன்னும் கண்ணில் படவே இல்லை.
அந்த ஆ குளிருக்கானது.
பதினெட்டு வருஷமாக அந்த ஆவைக் கேட்டுத்தான்
நான் கூலி வாங்குகிறேன்,
வொர்லியில், பாந்த்ராவில்,
பதினான்காம் மாடி ஜன்னலுக்கு வெளியே
இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு.

கண்ணாடிக்கு அப்பால் ஏழெட்டு,
கல்யாணத்துக்கு வந்துவிட்டு
மண்டபம் மாறிவிட்டதோ என்று யோசிப்பவர்கள்போல்
நின்றுகொண்டிருந்தன.
ஒன்று தடுக்கித் தண்ணீரில் விழுந்தது.
விழுந்த பிறகுதான் பறவையானது.

அட்லின் கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
சுவருக்குப் பின்னால் எங்கேயோ
கம்ப்ரஸர் ஓடுகிறது, நல்ல சீரான மூச்சு.
அதற்கும் கீழே இன்னொரு சத்தம்,
சர்க்கரை சிந்திய தரையில்
செருப்போடு நடப்பதுபோல்.
பேரிங்.
இன்னும் ஒரு மாசம் தாங்கலாம்.
தாங்காமலும் போகலாம்.

காவலாளியிடம் இந்தியில் சொன்னேன்.
டிக்கெட்டைக் கேட்டான். காட்டினேன்.
"பார்த்தாச்சுல்ல, முன்னால நகரு."

வெளியே வெயில்
செல்லில் சார்ஜ் ஏறுவதுபோல் உடம்பில் ஏறியது.
அட்லின் ரயில் முழுக்கக்
கைகளை விலாவோடு ஒட்டிவைத்து
தாராவி வரும்வரை அசைந்து அசைந்து நின்றாள்.
எதிர் சீட்டுக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.
உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்,
அவை உட்கார்ந்து பார்க்கவில்லையாம்.

ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
ஃபேன் நாலு சுற்று சுற்றி நின்றது.
தகரக் கூரை
பகலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டது.
எழுந்து உட்கார்ந்தேன்.
சந்து முழுக்கக் கதவுகள் திறந்தன,
யாரோ மெழுகுவர்த்தி தேடினார்கள்,
யாரோ மின்வாரியத்தின் அம்மாவைத் திட்டினார்கள்.

அட்லினுக்கு விசிறிக்கொண்டே
செல்வகனி இருட்டிலிருந்து சொன்னாள்:
"அங்க ஜெனரேட்டர் வெச்சிருப்பாங்க.
படுங்க."