ஒரு ஸ்டாப் முன்னால்

டவுன்ஹால் ரோட்டில் பழைய கேமரா வாங்கியபோது
கடைக்காரர் சொன்னது ஒன்றுதான்:
வாரைக் கழுத்துல போட்டுக்கங்க சார்.
மற்றதெல்லாம்
ட்யூட்டி இல்லாத நாட்களில்
பொன்மேனி வாடகை வீட்டு மொட்டைமாடியில்
பெயின்ட் டப்பாச் செம்பருத்தியிடம் கற்றது.

உச்சி வெயிலில் எடுத்த முதல் நூறு படத்திலும்
பூவுக்கு மீசை.
கறுத்து, முறுக்கி,
எங்கள் டிப்போ மேனேஜர் மாதிரி.
கொடியில் காய்ந்த வேட்டியை இழுத்து
வெயிலுக்குக் குறுக்கே பிடித்தேன்,
மீசை போய்விட்டது.
நாலு முழம் போதும்.
கரை மட்டும் படத்துக்குள் வராமல் பார்.

பூவை எல்லோரும் பார்ப்பார்கள்,
நீ பூவுக்குப் பின்னால் பார்.
கேபிள் வயர், எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க்,
சங்கரலிங்கம் சாரின் பனியன்.
ஜூமைத் திருகாதே, காலை எடுத்து வை.
உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குல்ல
என்று இருபத்திரண்டு வருஷம்
ஊரையெல்லாம் நெட்டித் தள்ளியவன்
முதல் தடவையாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் பூவெடுக்கப் போகாதே.
போய்விட்டால்
காற்று மூச்சு வாங்கும் இடத்தில்
நீ மூச்சை நிறுத்து.
காளவாசல் சிக்னலில் ஷேர் ஆட்டோ நிற்பதுபோல
அரை நொடி நிற்கும்.

தெளிப்பானில் பனித்துளி செய்யாதே.
ஒருமுறை செய்தேன்.
எங்கிருந்தோ ஓர் எறும்பு வந்து குடித்தது.
அந்தப் படத்தில்
எறும்பு மட்டும்தான் பொய்யில்லை.

மல்லி மட்டும் வசப்படவில்லை.
சுற்றி இலை கருத்திருந்தால்
இருட்டென்று ஏமாந்து
பூவைச் சுண்ணாம்பாக்கிவிடுகிறது கேமரா.
வெள்ளைக்கு ஒரு ஸ்டாப் குறை
என்று எங்கோ படித்தது ஞாபகத்தில் இருக்க,
பங்குனியில் ஒரு விடிகாலை
முதல் வண்டியில் டிக்கெட் எடுத்து ஏறி
செக்கானூரணிக்கு ஒரு ஸ்டாப் முன்னால்
இறங்கினேன்.

மணி ஐந்தே முக்கால்.
வெளிச்சம் இன்னும் வரவில்லை.
பூவும் இல்லை.
நெற்றி விளக்கோடு நாலு பேர்
மூன்று மணிக்கே புகுந்து
பாதி வயலை மொட்டோடு ஆய்ந்திருந்தார்கள்.
எத்தனை மூட்டைக்கு லக்கேஜ் போட்டிருப்பேன்,
இது தெரியவில்லை பாருங்கள்:
இந்தப் பூ செடியில் பூப்பதில்லை.
கொண்டையில் பூக்கிறது,
சாமி மேல்,
பிணத்தின் மேல்.

பூவா வேணும்ணே, என்றாள் ஒச்சம்மா,
மடி நிறைய மொட்டோடு.
இந்தாருக்கு,
நேத்து எங்கைக்குத் தப்புனது.

ஒன்றே ஒன்று.
முழுசாய் விரிந்து
ஓரம் லேசாய்ப் பழுத்து.
மார்க்கெட்டில் இதைத் தராசில் போட்டால் சிரிப்பார்கள்.

மண்டி போட்டேன்,
பாத்தி ஈரம் முழங்காலில் ஏறியது.
ஒரு ஸ்டாப் குறைத்தேன்.
காற்று நின்றது.
ஆனால் இருட்டு.
இந்த மனுசன் தரையில் என்னத்தைத் தேடுறார் என்று
அவள் தலையைத் திருப்ப
நெற்றி விளக்கு பக்கவாட்டில் விழுந்து
ஒவ்வோர் இதழிலும் நரம்பு தெரிந்தது.

எடுத்துவிட்டேன்.

ஏண்ணே,
தோட்டக்காரருக்குக் காட்டிராதீக.
விட்டுப்போச்சுன்னு கூலியில கைய வப்பாரு.

டிப்போவில் படப் போட்டி வைத்தார்கள்.
எறும்பை அனுப்பினேன், ஆறுதல் பரிசு,
ஒரு டிபன் கேரியர்.
மல்லி இருக்கும் மெமரி கார்டு
என் தோல்பையின் சின்ன அறையில் கிடக்கிறது,
பஸ்ஸில் யாரும் வாங்க மாட்டேனென்கிற
பத்து ரூபாய்க் காசுகளோடு.