காந்தல்

திங்கட்கிழமை கடை பூட்டு.
அன்றைக்குத்தான் மதாம் பில்லே
எங்களை முன்வாசலால் வரச் சொன்னார்.
அந்தக் கதவை இழுப்பதா தள்ளுவதா
எனக்குத் தெரியவில்லை.
பதினொரு குளிர்காலம்
கோப்பை கழுவும் பக்கத்தால் வந்து போனவன்.

ஃப்ரிபூரின் கீழ்நகரம். யன்னலுக்கு வெளியே
சரீன் ஆறு இருட்டில் ஓடுகிற சத்தம்.
நடுமேசையில் சின்ன அடுப்பு, அதன்மேல்
சிவப்புச் சட்டி.
கைபிடியில் ஒரு சில்லு போயிருக்கிறது.
போனது என்னால். அது அவருக்குத் தெரியாது.

உள்ளிப் பல்லால் சட்டியின் வயிற்றைத் தேய்த்தார்.
வெள்ளை வைன். பிறகு சீஸ், பாதிக்குப் பாதி:
ஒன்று கடினம், ஒன்று மெதுமை,
கலியாணம் மாதிரி என்றார்
விவாகரத்தான மதாம்.
அகப்பையை என்னிடம் தந்து எட்டுப் போடச் சொன்னார்,
வட்டமாய்க் கிண்டினால் திரைந்துவிடுமாம்.
நான் அ போட்டேன்.
எங்கள் பழைய எட்டும் அதுதான்.
சொல்வதற்கு என் பிரெஞ்சு போதவில்லை.

பிறகு நீட்டு முள்கள்.
பாண் துண்டைக் குத்தி, முக்கி, சுழற்றி,
வாய்க்குள்.
அதே முள் திரும்பவும் சட்டிக்குள்.
எண்ணினேன். ஐந்து முள், ஐந்து வாய்.
எச்சில் என்பதற்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்
சொல் இல்லை.
டெஸ்ஃபாய் சிரித்தான். எரித்திரியாக்காரன்,
ஒரே தட்டில் பத்துக் கை விழ வளர்ந்தவன்.
"உதடு படாமல் பல்லால் இழு."

இழுத்தேன்.
நூல் அறவில்லை. சட்டியிலிருந்து என் நாடிவரை
மஞ்சளாய் ஒரு தொங்குபாலம்.
நாக்குச் சுட்டது. புளிப்பு முதலில், பிறகு உப்பு,
பிறகு லேசாய் மாட்டுக்கொட்டில்,
அதுவும் போனபின் ஓர் இனிப்பு,
யார் வைத்துவிட்டுப் போனதென்று தெரியாமல்.
உறைப்பில்லை.
மிளகுப் போத்தலை நான் கவிழ்த்ததை
எல்லோரும் மரியாதையாய்ப் பார்க்காமல் விட்டார்கள்.

மூன்றாவது துண்டு கழன்று மூழ்கியது.
பாண் தொலைத்தவனுக்குத் தண்டம்:
ஒரு போத்தல் வைன், அல்லது
பக்கத்து ஆளுக்கு முத்தம்.
பக்கத்தில் டெஸ்ஃபாய். தாடி.
பொக்கெட்டைத் தடவினேன். மாதக் கடைசி.
முத்தம்தான்.

சட்டி வழித்தாயிற்று. மதாம் நெருப்பைக் குறைத்தார்.
அடியில் பொன்னிறமாய், வட்டமாய்
ஒரு காந்தல்.
பழக்கத்தில் எழும்பிச் சட்டியைத் தூக்கப் போனேன்.
"இரு!" நான்கு பேரும் ஒன்றாய்க் கத்தினார்கள்.
கத்தி முனையால் கிளப்பினார். முறுகிய சத்தம்.
கன்னியாஸ்திரி என்று அதற்குப் பெயராம்.
ஏனென்று கேட்டேன். அவருக்கும் தெரியாது.
இதற்காகத்தான் மற்றதெல்லாம் என்றார்.

மென்றேன்.
ஓர் இரவுக்கு இருபது சட்டி.
சுற்றுலாக்காரர் விட்டுப்போகும் இருபது அடி.
சுடுதண்ணீரில் ஊறவிட்டு, கம்பிச் சுருளால்,
நகக்கண் எரிய எரிய
நான் சுரண்டித் தொட்டியில் விட்டது
இதைத்தான்.
பெருக்கிப் பார்க்கவில்லை.
பெருக்கினால் மெல்ல முடியாது.

என் பங்கில் பாதியைக் கடதாசித் துவாயில் சுற்றினேன்.

யோகமலர் முழித்திருந்தாள்.
என் சேட்டு மணத்துக்கு ஒவ்வொரு இரவும்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவள்.
முகர்ந்தாள். உடைத்தாள்.
"உப்புக் கூட" என்றாள்.
இன்னொரு துண்டு உடைத்தாள்.
"இதையா இவ்வளவு நாளும் தேய்ச்சனீங்கள்?"
கேட்டுக்கொண்டே கடதாசியைத்
தன் பக்கம் இழுத்தாள்.