பத்தொன்பது புள்ளி நாலு

இந்த வருஷம் முடிவுக்கோட்டில் ரிப்பன் வேண்டாம்
என்றார் தலைமையாசிரியை எஸ்தர் பிரேமலீலா.
ஒஹாயோவில் தம்பி பிள்ளைகளின் பள்ளியைப்
பார்த்துவிட்டு வந்தவர்.
அங்கே யாரும் தோற்பதில்லையாம்.
ஓடினாலே பதக்கம்.
நடந்தாலும்.

நல்லதுதான் என்று தலையாட்டினேன்.
குடியாத்தத்தில் ஒரு மார்பு அகலத்தில்
இரண்டாவதாக வந்ததற்கு வாங்கிய அறை
குளிர்காற்று அடித்தால்
இன்னும் இடக்காதில் குய்யென்கிறது எனக்கு.

லாங்கு பஜாரில் நானூற்றுப் பன்னிரண்டு பதக்கம்,
ஒன்று பதினெட்டு ரூபாய்.
கடைக்காரர் இரண்டு தரம் கேட்டார்:
"எல்லாமே ஒண்ணுதானா சார்?
மேல எதுவும் எழுத வேணாமா?"

சத்துவாச்சாரி வெயிலுக்கு ஜனவரி கிடையாது.
சுண்ணாம்புக் கோடுகள் கண்ணைக் குத்தின.
நூறு மீட்டர், ஆறாம் வகுப்பு.
கஸ்பாவிலிருந்து வரும் நிலோஃபர் முதலில் வந்தாள்
(அப்படி எழுதக் கூடாது, ஆனால் வந்தாள்)
கோட்டைத் தாண்டியும் நிற்காமல்
சைக்கிள் ஷெட் வரை ஓடினாள்,
எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லாததால்.

கடைசியாக லோகித்.
எல்லாரும் கைதட்டினார்கள்,
கொஞ்சம் அதிகமாகவே.
அந்த அதிகம் அவனுக்குப் புரிந்தது.

பதக்கத்தை டவுசர் பையில் திணித்துக்கொண்டு
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தான்.
"சார், எவ்ளோ?"
"எல்லாரும் ஜெயிச்சாச்சு, போடா."
"அது தெரியும் சார். எவ்ளோ?"

மேலே, பதினோராம் வகுப்பு வராந்தாவில்
நீட் மாதிரித் தேர்வுப் பட்டியலை
ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஒன்று முதல் நூற்றெண்பத்தாறு வரை
பெயரோடு.
கடைசி நாலு பெயருக்குச் சிவப்பு அடிக்கோடு.
அதற்கு மட்டும் ஒஹாயோவிலிருந்து
ஒரு யோசனையும் வந்து சேரவில்லை.

அழிக்காமல் வைத்திருந்த ஸ்டாப்வாட்சை
உள்ளங்கைக்குள் மறைத்துக் காட்டினேன்.
பத்தொன்பது புள்ளி நாலு.

"போன வருஷம் இருபத்தொண்ணரை சார்!"

சொல்லிக்கொண்டே போய்விட்டான்,
இருபத்தொண்ணரை, பத்தொம்போது நாலு,
கழித்துக் கழித்து,
விரல் போதாமல்.
குழாயடி ஈரத்தில் பதக்கம் கிடந்தது.
விழுந்ததோ, போட்டானோ.

மேடையிலிருந்து எஸ்தர் அம்மா
இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.
வாட்சைப் பைக்குள் போட்டேன்,
திருடிய பொருளைப் போல.