தூதன்

மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிசம்.
கோரைக்களி வட்டையில்
வக்கடை திறக்கக் குனிந்த ஆதம்பாவா
"கடிச்சிட்டு" என்றான்,
தண்ணீரின் அளவு சொல்வதுபோல.

லேண்ட்மாஸ்டர் பெட்டியில் அவனைக் கிடத்தி
நான் ஓட்டியது ஆசுபத்திரிக்கு அல்ல.
அது ஐந்து கட்டை.
சாமித்தம்பிப் பரிசாரியின் வளவு
இரண்டு வாய்க்கால் தள்ளி.

படலை திறந்ததும் பரிசாரி கேட்டார்,
கடிபட்டவனை அல்ல, என்னை:
எத்தனை மணிக்கு?
எந்தக் காலை முன்வைத்து உள்ளே வந்தாய்?
எந்தத் திசை பார்த்து நின்று சொன்னாய்?
விசகடிக்குத் தூதனிலேயே குறி இருக்கிறதாம்.
எனக்கு மணி மட்டும் தெரியும்.
என் கால்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

வேப்பிலை கொடுத்தார். மென்றான்.
"கைக்குதா?"
"இல்ல."
பரிசாரியின் முகம் கைத்தது.

கடிவாயைப் பிளேட்டால் கீறினார்.
பச்சையாய் ஏதோ பருக்கினார்.
கீறலில் இரத்தம் நிற்கவில்லை.
சீலை மாற்றினார். நிற்கவில்லை.
மூன்றாம் சீலையில் அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
கலண்டர்த் தாளைக் கிழித்து எதையோ எழுதி
என் சட்டைப்பையில் செருகி
"கொண்டு போ" என்றார்.

அக்கரைப்பற்றில் டொக்டர் ஒரு மாத்தறைப் பிள்ளை.
அவவிடம் தமிழ் மூன்று வசனம்:
எங்க நோகுது, பயப்பட வேணாம், எத்தனை மணி.
மூன்றாவதை முதலில் கேட்டா.

யார் வெட்டினது என்று நேர்ஸ் மொழிபெயர்த்தா.
வக்கடைத் தகரம் கிழித்தது, என்றேன்.
ஏதும் குடிச்சவரா?
தேத்தண்ணி, என்றேன்.
ஆதம்பாவா கட்டில் ஓரம் சரிந்து
என் தேத்தண்ணியைப்
பச்சையாய்த் தரையில் கொட்டினான்.

தாளை நீட்டினேன்.
மணி.
முத்திரைப் புடையன், கண்டவர் இல்லை, காயம் சொல்வது.
பருக்கிய இலை மூன்றின் பெயர்.
கடைசி வரி: தூதன் வலக்கால்.
நேர்ஸ் சிரித்தா.
டொக்டர் சிரிக்காமல்
அதை டிக்கெட்டோடு சேர்த்துக் குத்தினா.
பிறகு சிங்களத்தில் நீளமாய் ஏசினா.
அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.
தேவைப்படவுமில்லை.

ஒரு கண்ணாடிக் குழாய்.
அதற்குள் அவன் இரத்தம் கொஞ்சம்.
இருபது நிமிசம் யாரும் தொடக்கூடாது.
நான் வேப்பிலையை நினைத்துக்கொண்டிருந்தேன்.
சரித்தா.
வாய்க்கால் தண்ணிபோல் ஓடியது.

பத்துக் குப்பி ஏற்றினார்கள்.
மருந்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது,
அதற்கு இன்னோர் ஊசி.
ஏழாம் நாள் வீடு வந்தான்.
பாம்பின் பல் ஆறிவிட்டது.
பிளேட் பட்ட இடம் ஆற ஒன்றரை மாதம்.

பரிசாரியிடம் எல்லாம் சொன்னேன், ஏச்சையும்.
பிளேட்டுக்கு முகட்டைப் பார்த்தார்.
குழாயைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.
கண்ணாடிதானா? எத்தனை விரற்கடை?
பாமசியில் பிளாஸ்டிக்தான் இருந்தது.
பள்ளிக்கூட லேப்காரனிடம் கெஞ்சி
ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த போகத்தில் நேசம்மாவுக்குக் கணுக்காலில்.
பரிசாரி கீறவில்லை.
கசிந்ததைக் குழாயில் பிடித்து
முக்காலியில் நிறுத்தி
முன்னால் குந்தினார்: "இருபது நிமிசம்."

நான் இன்ஜினை நிறுத்தியிருக்கவில்லை.
"அதுக்குள்ள பாதி வழி போயிரலாம், ஏறுங்க."
தூதன் பரிசாரிக்குச் சொல்லும் பேச்சா இது?
ஏறினார்.
குழாயை நெஞ்சோடு அணைத்தபடி
ஒவ்வொரு குழிக்கும் என் வாப்பாவையும் சேர்த்து ஏசினார்.

டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.
"ஆட்டினா சரிவராது."
நாலாவது வசனம், எப்போது படித்தாவோ.
புதுக் குழாய் எடுத்தா.
பிறகு அவரிடம், "எத்தனை மணி?"

பரிசாரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.
ஆறு ஐம்பத்தைந்து, என்றேன்,
எந்தக் காலில் நிற்கிறேன் என்று பாராமல்.