மூன்றாவது விசில்

ஏலக்காய் எடுக்கும் பெண்களை அடைத்துக்கொண்டு
கடைசி ஜீப் குமுளி மலை ஏறிய பிறகும்
எங்கள் வீட்டில் பாடம் தொடங்கியிருக்காது.
ஆதன் கட்டிலுக்கடியில்
ஒரு தவளையிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருப்பான்.
மகிழ்மதி பல் துலக்காமல்
சந்திர கிரகணம் படிப்பாள், நாற்பதாம் பக்கத்தில்
தோசைக் கரண்டியை அடையாளம் வைத்து.
கபிலனுக்குப் பதிமூன்று. எழுப்பிப் பயனில்லை.
சுருளி, அதாவது இவர்களின் அப்பா,
மருந்தடிக்கும் மோட்டாரைக் கூடத்தில் பிரித்துப் போட்டுவிட்டு
"யாரும் வாஷரைத் தொடாதீங்க" என்று
வாஷரைத் தேடிக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமையானால்
பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும்
இங்கே வந்துவிடும்.
ஹபீபாவும் தம்பியும் ஒரே சைக்கிளில்.
குமுளியிலிருந்து ஷீபா, ஸ்கூட்டரில்,
பின்னால் ஐவின், அவன் மடியில்
அவனைவிடக் கனமான ஒரு பலாப்பழம்.

ஐவின் சென்ற வாரம்தான் தமிழ் எழுத்துக்கூட்டத் தொடங்கினான்.
வழியில் பஸ் போர்டைப் படித்தானாம்: சுருளிப்பட்டி.
அதிலிருந்து சிரிப்பு நிற்கவில்லை.
அவர்கள் ஊரில் பட்டி என்றால் நாய்.
"சுருண்ட நாய்க்கு ஒரு பஸ்ஸா?"
காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று
கம்பம் பள்ளத்தாக்கின் நாய்களையெல்லாம்
ஆறு பேரும் வரைபடத்தில் தேடினார்கள்.
கபிலன்கூட எழுந்து வந்தான்.
நான் திட்டமிட்டிருந்தது தசம பின்னம்.

பதினொன்றே காலுக்கு
வாசலில் ஹெல்மெட்டும் கோப்புமாய் ஒரு பெண்.
வட்டார வள மையம். பெயர் முத்துப்பேச்சி.
பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு.
தரையில் பலாப்பிசின், செய்தித்தாள், மோட்டார்.
உட்கார இடமில்லை, ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தேன்.

"இதுல ஸ்கூலுக்குப் போகாதது யாரு?"

ஆறு கைகள் உயர்ந்தன.
ஹபீபா இரண்டு கையையும் தூக்கினாள்.

நான் விளக்கினேன். மூன்றைக் கழித்தேன்.
மீதி மூன்றுக்குக் காரணம் கேட்டாள்.
படிவத்தில் இருந்தவை:
இடம்பெயர்வு, வேலைக்குச் செல்லுதல்,
ஆடு மாடு மேய்த்தல், ஆர்வமின்மை, பிற.
"பிற"வுக்குப் பக்கத்தில் ஒரு விரல்கடை இடம்.
அவ்வளவுக்குள் என்ன சொல்வது?
வகுத்தல் பிடிக்காது என்று
ஒன்பது மாதமாக மகிழ்மதி எனக்குப் போக்குக் காட்டுவதையா?
சில இரவுகளில் பாடப்புத்தகத்தை மறைத்து வைத்து
நானே பக்கங்களை எண்ணிப் பயப்படுவதையா?

"எந்த வகுப்புக்குச் சமம்னு போடட்டும்?"
கபிலனைப் பார்த்தேன்.
மோட்டாரின் கார்புரேட்டரை
அப்பாவுக்கு முன்னால் பூட்டிக்கொண்டிருந்தான்.
அதற்கு முன்தினம்தான் கழித்தலில் தவறு செய்தான்.

அப்போது குக்கர் கத்தியது.
இரண்டாவதா மூன்றாவதா?
"ரெண்டு" என்றேன்.
"மூணு" என்றாள் மகிழ்மதி.
ஹபீபாவின் தம்பி சுவரில் ஓட்டிய தாளைக் காட்டினான்.
மூன்று சனிக்கிழமைகளாக விசில் நேரங்களை
எழுதி வைத்திருக்கிறார்கள்:
முதலாவது ஏழு நிமிடம், பிறகு இரண்டரை, இரண்டரை.
இன்று எழுத மறந்திருந்தார்கள்.
ஐவின் மலையாளத்தில் சண்டைக்கு வந்தான்.
ஆதன் தவளையைச் சாட்சிக்குக் கொண்டுவந்தான்.

"மூணுதான்" என்றாள் முத்துப்பேச்சி,
தலை நிமிராமல்.
"வந்ததிலேருந்து எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்.
ஒண்ணு நான் கேட்டைத் திறக்கும்போதே வந்துடுச்சு."
அடுப்பை அணைத்தேன்.
பருப்பு லேசாக அடிபிடித்திருந்தது.

இரண்டு சுளை தின்றாள். பிசின் ஒட்டிய விரல்களுக்கு
தேங்காயெண்ணெய் ஊற்றினேன்.
படிவத்தில் என்ன எழுதினாளோ,
கிளம்பும்போது கேட்க மறந்துவிட்டேன்.
கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளா, தெரியாது.
கோப்பின் அட்டையில் எண்ணெய்க் கறை மட்டும் பார்த்தேன்.

மாலையில் ஜீப்புகள் இறங்கி வந்தன.
ஷீபா அவசரமாக ஸ்கூட்டரை உதைத்தாள்.
ஐவின் திரும்பிக் கத்தினான்:
"அடுத்த வாரம் தொட்டி! தொட்டின்னு ஊர் இருக்கா?"
வரைபடத்தை மடிக்காமல் விட்டிருந்தார்கள்.
அதன்மேல், தேனிக்கும் போடிக்கும் நடுவில்,
வாஷர்.