நாலு கிளாவர்

வியாழன் பின்னேரம், சுண்டிக்குளி மாடியறை.
காற்றாடியை இரண்டுக்கு மேல் வைக்க முடியாது,
சீட்டுப் பறக்கும்.

கேட்பது எங்களுக்குப் புதிதல்ல.
முந்நூற்றுநாலு ஆடிப் பழகிய ஊர்,
ஏலத்துக்கே கேள்வி என்றுதான் இங்கே பெயர்.
ஆனால் பிரிட்ஜில்
கேள்வி ஏறிய படியை
ஒருவரும் திரும்ப இறக்கித் தரமாட்டார்கள்.

போன மாதம் கிளாவர்தான் துரும்பென்று
இருவருக்கும் தெரிந்தபின்
நாலு நோ ட்ரம்ப் என்றேன்.
எத்தனை ஆசு உம்மிடம், என்று அர்த்தம்.
தேவசகாயம் ஐந்து டயமண்ட் என்றார்.
ஒன்று.
எனக்கு வேண்டியது இரண்டு.
ஸ்கோப்பனும் ஆட்டினும் மாடிவீட்டுக்காரர்,
கேட்டுவிட்டும் ஐந்தில் ஆறுதலாக இருக்கலாம்.
கிளாவருக்கு அந்த வசதி இல்லை.
அவர் சொன்ன உண்மை
நாங்கள் நிற்கவேண்டிய படியைத் தாண்டி நின்றது.
ஆறுக்குப் போனோம், வேறென்ன செய்ய.
கந்தப்பிள்ளை சேர்வயர் தன் இரண்டு ஆசையும்
ஒவ்வொன்றாய் மேசையில் வைத்தார்.
ஆசுக்கு ஐ உருபு சேர்த்தால் ஆசை.
அன்றிரவு இலக்கணம்கூட என்னைப் பார்த்துச் சிரித்தது.

பிறகு கஸ்தூரியார் வீதியில், மழைக்கு ஒதுங்கிய தேத்தண்ணிக் கடையில்,
வடை எண்ணெய் ஊறிய சிட்டையின் பின்புறம்
அவர் எழுதினார், நான் சொன்னேன்:
இனி நாலு கிளாவரே கேள்வி.
டயமண்ட் என்றால் ஒண்டுமில்லை.
ஆட்டின் ஒன்று. ஸ்கோப்பன் இரண்டு. நோ ட்ரம்ப் மூன்று.
"நாலும் என்னட்டை இருந்தால்?"
"நாலும் உம்மட்டை இருந்தால் நான் ஏன் காணும் கேக்கிறன்?"
சிரித்தார். சிரிப்போடு இருமலும் வந்தது.
மழை விடும்வரை விடவில்லை.

இன்றைக்கு அந்தக் கை வந்தது.
ஏழு கிளாவர், ராசா ராணியோடு.
நாலு கிளாவர், என்றேன்.
அவர் பேசவில்லை.
மறந்துவிட்டார், பாஸ் சொல்லப்போகிறார்,
நாலு கிளாவரிலேயே என்னைக் கிடத்தப்போகிறார்
என்று நினைத்து
முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தேன்,
புதன்கிழமை ஊசியின் மிச்சம்.
"நாலு ஆட்டின்."
ஒன்று.
ஐந்து கிளாவர், என்று இறங்கி நின்றேன்.
நிற்க இடம் இருந்தது!
பதினொரு பிடி, கூடவுமில்லை குறையவுமில்லை.
சிவஞானபூபதிக்கு விளங்கவில்லை,
இவ்வளவு கிளாவரோட ஆறுக்கு ஏன் போகேல்லை, என்றா.

கீழே, மோட்டார்ச் சைக்கிள் இருக்கையை
லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார்.
தெல்லிப்பழையில் என்ன சொன்னார்கள்,
அறிக்கை வந்ததா:
நாக்கில் இருந்தது நாலு நோ ட்ரம்ப்.
அதற்கு அவர் எந்த உண்மையைச் சொன்னாலும்
இருவரும் ஐந்தைக் கடந்துவிடுவோம்.
கண்டி வீதியில் கொடிகாமம் பஸ் போகும்வரை பொறுத்து
மலிவாகக் கேட்டேன்:
"வாற வியாழன் ஐஞ்சரைக்கோ, ஆறுக்கோ?"

தலைக்கவசத்தை மாட்டினார்.
கண்ணாடியை இறக்கினார்.
உதைத்தார், எடுபடவில்லை, இன்னொருமுறை உதைத்தார்.
அந்த இரைச்சலுக்குள்ளால் சொன்னார்,
"நாலு டயமண்ட்."

ஒண்டுமில்லை.

வருத்தம் ஒண்டுமில்லையா,
வாற வியாழன் ஒண்டுமில்லையா?
சிவப்பு வெளிச்சம் பழைய பூங்காப் பக்கம் திரும்பிவிட்டது.
அடுத்த கேள்விக்கு ஒரு படி ஏறவேண்டும்.
சிட்டையை நாலாய் மடித்தேன்.
பாஸ், என்றேன்,
வாயிற்காவலர் தன்னிடம் ஏதோ கேட்டதாய் எண்ணி
"என்ன பிள்ளை?" என்றார்.